வைத்தி அண்ணனுக்கு நான் படித்துச் சொன்ன கடிதம்

1

போன வியாழக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் மகள் ஒரு வார்த்தை சொன்னாள். அதனால்தான் இதை எழுதுகிறேன். இல்லாவிட்டால் இருபத்திரண்டு வருஷமாக வாயை மூடிக்கொண்டிருந்த மாதிரியே மிச்சக் காலத்தையும் ஓட்டியிருப்பேன்.

சைகோனில் ஆபீசுகளெல்லாம் மத்தியானம் இழுத்து மூடிவிடுவார்கள். வெயில் தாழ்ந்த பிறகுதான் திறப்பார்கள். நாங்களும் வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டுவிட்டுத் திரும்பப் போவோம். காரைக்காலில் இதைச் சொன்னால் கவர்மெண்டே பாயும் தலையணையும் கொடுக்கிறதா என்று கேலி பண்ணுகிறீர்கள். பண்ணுங்கள். மகளோடு பேச எனக்குக் கிடைக்கிற நேரம் அது ஒன்றுதான். அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் கமலா. பள்ளிக்கூடத்து மதாம்கள் அதைக் கமீய் என்று ஆக்கிவிட்டார்கள். இப்போது கமலா என்று கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்பிப் பார்க்கிறாள். என்னிடம் பிரெஞ்சு, வேலைக்காரியிடம் இந்த ஊர் அன்னாமிய பாஷை, அம்மாவிடம் மட்டும் தமிழ். அதுவும் அம்மாவுக்கு வேறு வழியில்லை என்பதால். என் மனைவி செல்லம் திருமலைராயன்பட்டினத்துப் பெண். இத்தனை வருஷத்தில் அவள் கற்றுக்கொண்ட பிரெஞ்சு இரண்டே வார்த்தை. போன்ழூர் ஒன்று, மெர்சி ஒன்று.

கமலா சொன்னாள்: "அம்மா, எங்க பள்ளிக்கூடத்துக் காவல்காரர் இருக்கார்ல, அவர ரெமெர்சியே பண்ணிட்டாங்க."

"நல்ல மனுஷன்டி. மாலை கீலை போட்டாங்களா?" என்றாள் செல்லம்.

கமலாவுக்குச் சிரிப்பில் சோறு புரையேறிவிட்டது. "மாலையா! வேலைய விட்டு அனுப்பிட்டாங்கம்மா."

"அடி போடி. மெர்சின்னா நன்றி. எனக்குத் தெரியாதாக்கும்?"

"மெர்சி வேற, இது வேற. பப்பாவக் கேளு."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். இந்த வீட்டில் பிரெஞ்சுக்குக் கடைசித் தீர்ப்பு என்னுடையது. நான் பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டேன். செல்லத்துக்கு ஒன்றும் புரியவில்லை, குழம்பில் உப்புக் கூடிவிட்டதா என்று கேட்டாள்.

அவள் செய்த அதே தப்பை நானும் ஒரு காலத்தில் செய்தேன். அவள் செய்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

2

காரைக்காலில் என் வயதுக்காரர்களுக்கு வைத்திலிங்கம் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. சின்னவர்களுக்காகச் சொல்கிறேன். ஹாக்கி நம் ஊர் ஆட்டம் அல்ல, பிரெஞ்சுக்காரனுக்கும் அதில் நாட்டமில்லை. நாகப்பட்டினத்து ரயில்வே ஆட்கள் ஆடுவதைப் பார்த்து எல்லை தாண்டி வந்து நம்மிடம் ஒட்டிக்கொண்டது. எங்களுக்கு ஏது ஸ்டிக்? கருவேல மரத்தில் வளைந்த கிளையாகப் பார்த்து வெட்டிச் செதுக்கிக்கொள்வோம். பந்துக்கு மூங்கில் வேர். அது முழங்காலில் பட்டால் ஒரு வாரம் பள்ளிக்கூடம் போக வேண்டாம், அந்த மட்டில் நல்லது.

வைத்தி அண்ணன் ஒருவரிடம்தான் கடையில் வாங்கிய ஸ்டிக் இருந்தது. சென்டரில் ஆடுவார். பந்து அவர் ஸ்டிக்கை விட்டு ஒரு முழம் தள்ளிப் போய் நான் பார்த்ததே இல்லை. ஒரு தடவை ரயில்வே அணி நம் மைதானத்துக்கு ஆட வந்தது. அவர்களுடைய பின்வரிசையில் ஒரு சட்டைக்காரத் துரை, ஆங்கிலோ இந்தியன், ஆறடிக்கு மேல் இருப்பான், யார் கால் என்று பாராமல் ஸ்டிக்கைச் சுழற்றுகிறவன். வைத்தி அண்ணன் பந்தோடு அவனைச் சுற்றிக்கொண்டு போனார். கோல் திறந்து கிடந்தது. அடிக்க வேண்டியதுதானே? அடிக்கவில்லை. திரும்பி வந்து அவனை இன்னொரு தடவை சுற்றினார். சும்மா, வேடிக்கைக்கு! ஊரே எழுந்து கூத்தாடியது. எனக்கு அப்போது பதினோரு வயது. அவர் இடது தோளைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டுதான் ஓடுவார். நானும் ஒரு மாதம் அப்படியே தோளைச் சாய்த்துக்கொண்டு நடந்தேன். கழுத்து பிடித்துக்கொண்டது என்று நினைத்து அப்பா எண்ணெய் தேய்த்துவிட்டார்.

பிறகு அவர் கப்பலேறிப் போய்விட்டார். பட்டாளம் என்றார்கள், சைகோன் என்றார்கள். சரியாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

3

பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துப் பிரவே பரீட்சை பாஸ் பண்ணிய கையோடு எனக்கும் சைகோனில் வரி ஆபீசில் குமாஸ்தா வேலை கிடைத்தது. வந்து இறங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை, நம்மவர்கள் ஹாக்கி ஆடுகிறார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு மைதானத்துக்குப் போனேன். தூரத்திலிருந்தே இடது தோள் தெரிந்துவிட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அவர் துறைமுகத்தில் ஒரு கிடங்கு வாசலில் காவல்காரராக இருந்தார். அணியில் எல்லோருமே காவல்காரர்கள், பழைய சிப்பாய்கள், காரைக்காலும் புதுச்சேரியும் பாதிப் பாதி. கோலில் நிற்பவர் புதுச்சேரி சூசை. வைத்தி அண்ணன் வேலை பார்த்த அதே வாசலுக்கு அவர்தான் தலைமைக் காவல். கோரைப் பாயை வெட்டிச் சுருட்டி இரண்டு காலிலும் கட்டிக்கொண்டு நிற்பார். பந்து படும்போது பாய் தூசி பறக்கும். அவரும் வைத்தி அண்ணனும் ஒரே தட்டில் சாப்பிடுகிற சிநேகம்.

இவர்களெல்லாம் காதால் கேட்டுப் பிரெஞ்சு பேசுவார்கள், ஆனால் படிக்கத் தெரியாது. படிக்கிறவன் நான் ஒருத்தன்தான். அதனால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால் அவரவர் காகிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வருவார்கள். லீவு உத்தரவு, நகரசபை நோட்டீசு, பிறப்புப் பதிவில் எழுத்துப்பிழை, எல்லாம். எனக்கு நோத்தேர் என்று பட்டப்பெயரும் வைத்தார்கள். பத்திரம் எழுதுகிற நோத்தேர்! இருபத்தோரு வயதில் அப்படிக் கூப்பிட்டால் தலை நிற்குமா? உண்மையில் என் பிரெஞ்சு பரீட்சைக்கு உருப்போட்ட பிரெஞ்சு. ஆபீசில் பக்கத்து மேசைக்காரரைக் கேட்காமல் நான் ஒரு கடிதம் எழுதியதில்லை. அதை மைதானத்தில் சொல்லிக்கொள்வேனா?

4

அந்த வருஷம் ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை வைத்தி அண்ணன் ஆட்டத்துக்காக அரை மணி முன்னதாகவே வாசலை விட்டு வந்துவிட்டார். சூசைதான் "நீ கெளம்பு வைத்தி, நான் பாத்துக்கறேன்" என்று அனுப்பிவைத்தது. அன்று பார்த்துக் கிடங்கிலிருந்து இரண்டு பெட்டி காணாமல் போய்விட்டது. மேலதிகாரி காவல் புத்தகத்தைப் பார்த்தார். அந்த நேரத்துக்கு எழுதியிருந்த பெயர் வைத்திலிங்கம். கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டார், அவ்வளவுதான். அதன் பிறகு பேச்சு மூச்சில்லை. வைத்தி அண்ணன் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

ஜூலை முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு கடிதத்தோடு மைதானத்துக்கு வந்தார். "நோத்தேர், பாரு தம்பி. என்ன போட்டிருக்கான்?"

எல்லோரும் சுற்றி நின்றார்கள். தட்டச்சில் அடித்த கடிதம். நிர்வாகம் உம்முடைய சேவைக்காக உம்மை ரெமெர்சியே செய்கிறது, வரும் மாதம் முதல் தேதியிலிருந்து. அப்படித்தான் இருந்தது. ரெமெர்சியே என்ற வார்த்தைக்குள் மெர்சி என்று பளிச்சென்று தெரிகிறது. மெர்சி என்றால் என்னவென்று காரைக்காலில் மீன் விற்கிறவளுக்குக்கூடத் தெரியும். முதல் தேதியிலிருந்து நன்றி சொல்வானேன், இன்றைக்கே சொன்னால் என்ன என்று ஒரு கணம் எனக்குத் தோன்றியது. தோன்றியதை விழுங்கிவிட்டேன்.

"அண்ணே! கவர்மெண்டு உங்களுக்கு நன்றி சொல்லியிருக்குண்ணே!" என்று கத்தினேன்.

"நெஜமாவா? அந்தப் பெட்டி சமாசாரம்?"

"அத மறந்துட்டு இதச் சொல்லியிருக்கான்னா முடிஞ்சு போச்சுன்னுதானே அர்த்தம்?"

"கீழ ரெண்டு வரி இருக்கே தம்பி, அது என்ன?"

பிரெஞ்சுக்காரன் கடிதத்தை முடிக்கும்போது மரியாதையாக ஒரு வண்டி வாசகம் எழுதுவான். அதுவாகத்தான் இருக்கும் என்று எண்ணி, படிக்காமலே, "அது வழக்கமா போடற மரியாதை வாசகம்ணே" என்றேன். ஆட்டம் தொடங்க வேறு நேரமாகிவிட்டது.

சூசை அவரை அப்படியே தூக்கிவிட்டார். மறுநாள் மாரியம்மன் கோயிலில் வைத்தி அண்ணன் அர்ச்சனை செய்து, பிரசாதத்தில் ஒரு பங்கை என் ஆபீசுக்கே கொண்டுவந்து கொடுத்தார்.

5

புதன்கிழமை ஆபீசில் என் தலைமைக் குமாஸ்தா ஒரு கடிதத்தைப் பிரதி எடுக்கச் சொன்னார். வேலைக்கு ஒழுங்காக வராத ஒரு பியூனைப் பற்றியது. அதில் அதே வார்த்தை. "இவனுக்கு எதுக்கு சார் நன்றி?" என்று கேட்டேன்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அட மண்டு! ரெமெர்சியேன்னா சீட்டக் கிழிக்கறதுய்யா. வெள்ளக்காரன் வெளிய போடான்னு சொல்றதக்கூட நன்றி சொல்றாப்லதான் சொல்லுவான்."

சாயங்காலம் வைத்தி அண்ணன் தங்கியிருந்த இடத்துக்குப் போய், ஏதோ சாக்குச் சொல்லி அந்தக் கடிதத்தை இன்னொரு தடவை வாங்கிப் பார்த்தேன். கீழே இருந்த இரண்டு வரி மரியாதை வாசகம் அல்ல. ஆட்சேபம் இருந்தால் பதினைந்தாம் தேதி சாயங்காலத்துக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம், சாட்சி இருந்தால் விசாரிக்கப்படும் என்று இருந்தது. ஆறு நாள் முழுசாக இருக்கிறது. சூசை போய் நான்தான் அனுப்பினேன் என்று சொன்னால் வேலை மிஞ்சும். நான் வாயைத் திறந்தால் போதும்.

வாயைத் திறக்கத்தான் போனேன். அதற்குள் அவர் சொன்னார்: "தம்பி, பதினாலாந்தேதி இங்கிலீஷ் கப்பல்காரங்களோட ஆட்டம் இருக்குல்ல, நீ எனக்கு எடது பக்கத்துல ஆடற. சூசைகிட்டயும் சொல்லிட்டேன்."

அதுவரைக்கும் நான் ஓரத்தில் ஆடிக்கொண்டிருந்தவன். வைத்திலிங்கத்துக்குப் பக்கத்தில், அவர் தள்ளிவிடுகிற பந்தை வாங்கி! பதினோரு வயதிலிருந்து நான் கண்ட கனவு அது. சொன்னால் ஆட்டமும் இல்லை, நோத்தேரும் இல்லை, எல்லோரும் காறித் துப்புவார்கள். ஆட்டம் முடியட்டும், அதற்குப் பிறகும் ஒரு நாள் இருக்கிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆட்சேப மனுவைக்கூட எழுதிவிட்டேன், தலைமைக் குமாஸ்தாவிடம் திருத்தி வாங்கி. வைத்தி அண்ணன் கைநாட்டு வைக்க வேண்டியதுதான் பாக்கி.

பதினாலாம் தேதி பிரெஞ்சுக்காரனுடைய தேசியத் திருநாள். அன்றைய ஆட்டத்தைப் பற்றி எங்கள் ஆட்கள் இன்றைக்கும் பேசுவார்கள். மழை பெய்து மைதானம் சேறு. கப்பல்காரர்கள் பூட்சு போட்டுக்கொண்டு வழுக்கினார்கள், நாங்கள் வெறுங்காலோடு ஓடினோம். கடைசி நிமிஷத்தில் வைத்தி அண்ணன் மூன்று பேரைத் தன் பக்கம் இழுத்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் பந்தை என்னிடம் தட்டிவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன். கோல். அவர் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு, "காகிதமும் படிக்கிற, கோலும் போடற! நீ என் தம்பிடா!" என்றார். என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான நாள் இல்லை. கல்யாண நாளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், செல்லம் இதைப் படித்தாலும் படிக்கட்டும்.

மறுநாள் காலையில் மனுவைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போனேன். வாசலில் அவர் நாலு பேரை நிறுத்திவைத்து நான் போட்ட கோலை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் "இதோ, இவன்தான்!" என்றார். எல்லோரும் முதுகில் தட்டினார்கள். நானும் சிரித்தேன். பிறகு ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று திரும்பிவிட்டேன். சாயங்காலம் கெடு முடிந்தது.

6

ஆகஸ்டு முதல் தேதி அவர் வேலைக்குப் போனபோது சூசை வாசலில் குறுக்கே நின்றார். உள்ளே விடக்கூடாது என்று காலையில்தான் அவருக்கு உத்தரவு வந்திருந்தது. காரணம் அவருக்குத் தெரியாது. வைத்தி அண்ணன் என்ன நினைப்பார்? முந்தின மாதம் நன்றி சொன்ன கவர்மெண்டு இந்த மாதம் துரத்துகிறது என்றால் நடுவில் யாரோ கோள் மூட்டியிருக்க வேண்டும். பெட்டி காணாமல் போன அன்று அவர் முன்னதாகப் போனது தெரிந்தவர் சூசை ஒருவர்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் அணி முழுக்கக் கூடியிருந்தது. வைத்தி அண்ணன் கடிதத்தை என் கையில் கொடுத்தார். "நோத்தேர், எல்லாருக்கும் கேக்கறாப்ல படி. இதுல நன்றின்னு இருக்கா, இல்லயா?"

சூசை எனக்கு எதிரில் நின்றார். "தம்பி, நல்லாப் பாருப்பா. கீழ எங்கயாச்சும் வேற மாதிரி இருக்கா? மாதா சத்தியமா நான் யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லல" என்றார்.

முதல் தடவை படித்தது அறியாமை. இரண்டாவது தடவை எல்லாம் தெரிந்து படித்தேன். "நன்றின்னுதான் இருக்கு. வேற ஒண்ணும் இல்ல" என்றேன்.

"போட்டுக் குடுத்துட்டல்ல?" என்றார் வைத்தி அண்ணன், சூசையைப் பார்த்து. அடிக்கவில்லை, திட்டவில்லை. அடித்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். சூசை குனிந்து காலில் கட்டியிருந்த பாயை அவிழ்த்து அங்கேயே போட்டுவிட்டுப் போனார். அதன் பிறகு அவர் கோலில் நிற்கவே இல்லை. அந்த மாதமே வைத்தி அண்ணன் கப்பலேறிவிட்டார்.

மூன்று வருஷம் கழித்து லீவில் ஊருக்கு வந்தேன். வந்த மறுநாளே ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அவர் என் வீட்டு வாசலில் நின்றார். நான் உள்ளறையில் படுத்துக்கொண்டு, தூங்குகிறேன் என்று சொல்லச் சொல்லி அம்மாவை அனுப்பினேன். "தூங்கட்டும் ஆச்சி, கப்பல் அலுப்பு. தங்கமான புள்ள" என்று அவர் சொன்னது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. அதற்குப் பிறகு வந்த லீவுகளில் நான் காரைக்காலில் ஒரு நாளைக்கு மேல் தங்கியதில்லை. ஊரை மறந்துவிட்டேன் என்று உறவுக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள் என்பது தெரியும்.

7

பழைய ஆட்டக்காரர்கள் இப்போது ஐந்து பேர்தான் இங்கே மிச்சம். ஒவ்வொரு ஜூலை பதினாலுக்கும் ஒரு கப்பேயில், அதாவது காப்பிக் கடையில், கூடுவோம். வெளியே அணிவகுப்பும் பாண்டு வாத்தியமும் போய்க்கொண்டிருக்கும், நாங்கள் உள்ளே உட்கார்ந்து அதே சேற்றில் அதே கோலைப் போட்டுக்கொண்டிருப்போம். சூசையும் வருவார். அறுபத்தைந்து வயதாகிறது. அன்னாமியப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். அவர் வருவதை யாரும் தடுப்பதில்லை. ஆனால் வைத்தி பெயர் வந்ததும் எல்லோரும் ஒரு தடவை அவரைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள். அவரும் தம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இருபத்திரண்டு வருஷம் இதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை கூடினோம். போன மாதக் கப்பலில் வந்த நம் ஊர்க்காரர் ஒருவர் சொன்னதை யாரோ எடுத்தார்கள். வைத்தி அண்ணன் நன்றாக இருக்கிறாராம். சாயங்காலமானால் மைதானத்தில் போய் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிறாராம். சைகோன் பேச்சு வந்தால் என்னை வாழ்த்துகிறாராம், சூசையைச் சபிக்கிறாராம்.

சூசை எழுந்து தொப்பியை எடுத்தார். "இருங்க" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ரெமெர்சியே, கீழே இருந்த இரண்டு வரி, சட்டைப் பையில் இருந்த மனு, இரண்டாவது தடவை படித்தது. ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

சூசை என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் வேறொன்று கேட்டார். "சாட்சி இருந்தா விசாரிப்போம்னா போட்டிருந்தான்?"

"ஆமா."

"நான் போயிருப்பேனேப்பா. நாந்தானே அவன அனுப்பினேன். என் வேல போனாலும் போவட்டும்னு போய்ச் சொல்லியிருப்பேனே." அவர் அழுதுவிட்டார். தன் பெயர் கெட்டதற்கு அல்ல, அந்த ஆறு நாளுக்கு. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எங்கிட்டச் சொல்லி என்ன? அவன்கிட்டச் சொல்லு" என்றார்.

"அவருக்குப் படிக்கத் தெரியாதே."

"படிக்கிறவன் கையில குடு. நீ மட்டுந்தான் படிச்சவனா?"

அதனால்தான் தனிக் கடிதமாக எழுதாமல் ஊர்ப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். காரைக்காலில் இதைப் படிக்கிற யாராவது ஒருவர் தயவுசெய்து சாயங்காலம் மைதானத்துக்குப் போய், வைத்தி அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, இதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். என்னைப் பற்றி வருகிற இடங்களில் இரக்கப்பட்டு எதையும் மாற்ற வேண்டாம். அவர் பாதியில் எழுந்து போய்விட்டால் மறுநாள் போய் மிச்சத்தைப் படியுங்கள். மறுநாளும் போய்விட்டால் அதற்கு அடுத்த நாள். அவர் என்னை என்ன சொன்னாலும் சொல்லட்டும். தன் வேலை போனாலும் போகட்டும் என்று சூசை சாட்சி சொல்லப் போயிருப்பார் என்ற இடம் வரைக்கும் அவர் கேட்டாக வேண்டும்.